தூண் பிளந்த பிறகு

"நான் சரியாக் கூப்பிடலையா, பெரியப்பா?"

என் தம்பியின் மகள் இப்படிக் கேட்டபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தாயாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பிற்பகல் அது. குழந்தைக்கு எட்டு வயது. நான் உட்கார்ந்திருந்த திண்ணைக்கு வந்து, தூணைக் கட்டிக்கொண்டு நின்றபடி கேட்டாள்.

"யாரைம்மா கூப்பிடலை?"

"சாமியைத்தான். பிரகலாதன் கூப்பிட்டதும் தூணிலேருந்து வந்தாருல்ல? நானும் தினம் கூப்பிட்டேன். அப்பாயி செத்துப் போயிட்டாங்களே!"

எனக்குப் பதில் வரவில்லை. "நீ நல்லாத்தான் கூப்பிட்டேம்மா" என்று எதையோ சொல்லி அவளை உள்ளே அனுப்பி வைத்தேன். ஆனால் கேள்வி திண்ணையிலேயே நின்றுவிட்டது. இரவு படுத்த பிறகும் எழுந்து போகவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கேள்வியை அவள் மனத்தில் விதைத்தவனே நான்தான். அம்மா படுக்கையில் கிடந்த ஐந்து வாரமும் வீட்டில் எல்லோருக்கும் ஏதேனும் ஒரு வேலை இருந்தது. மருந்து வாங்குவதற்கு ஒருவர், கஞ்சி போடுவதற்கு ஒருவர், ராத்திரி கண் விழிப்பதற்கு ஒருவர். எழுத்தாளன் என்று பெயர் வாங்கியவனுக்கு அவன் யோக்கியதைக்கு ஏற்ற வேலை கிடைத்தது: குழந்தைகளுக்குக் கதை சொல்லித் தூங்க வைப்பது. பிரகலாதன், துருவன், மார்க்கண்டேயன் என்று வரிசையாகச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஒவ்வொரு கதையின் கடைசியிலும் என் சொந்தச் சரக்காக ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: "அதனாலே, நம்பிக்கையோட கூப்பிட்டாச் சாமி வராம இருக்கமாட்டாரு. நீயும் அப்பாயிக்காகக் கூப்பிட்டுக்கிட்டே இரு!"

குழந்தை கூப்பிட்டிருக்கிறாள். அம்மா போய்விட்டாள். இப்போது குழந்தை கணக்குப் போடுகிறாள். நம்பிக் கூப்பிட்டால் சாமி வருவார் என்பது பெரியப்பா சொன்ன விதி. அது பொய்யாக இருக்க முடியாது. சாமி வரவில்லை என்பது கண்ணால் கண்ட உண்மை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அவள் கூப்பிட்டதில் ஏதோ கோளாறு. எட்டு வயதுக் குழந்தையின் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. பிசகு விதியில் இருக்கிறது.

ஆகவே இது ஒரு விமரிசனக் கட்டுரை. விமரிசனத்துக்கு ஆளாகும் கதாசிரியர்களில் முதல் ஆள் நான். நான் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். நம் வீடுகளில் பாட்டிமாரும், பள்ளிக்கூடங்களில் வாத்தியார்களும், படக் கதைப் புத்தகக்காரர்களும், சினிமாக்காரர்களும் ஏறக்குறைய என்னைப் போலத்தான் இந்தக் கதைகளைச் சொல்லி வருகிறோம். 1967-ல் ஏ.வி.எம். நிறுவனத்தார் எடுத்த 'பக்த பிரகலாதா'வில் எஸ். வி. ரங்காராவ் இரணியனாக வந்தார். பிரகலாதனாக நடித்த ரோஜாரமணி அப்போது சின்னஞ்சிறு பெண். அந்த மாதிரிப் படங்களைப் பார்க்க உட்காரும்போது நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்? தூண் எப்போது பிளக்கும் என்பதற்காகத்தான். தூண் பிளந்ததும் கைதட்டுகிறோம். இரணியன் விழுந்ததும் குனிந்து செருப்பைத் தேடுகிறோம். அதற்கப்புறம் கதையில் என்ன இருந்தால் என்ன, நமக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக, பல வருஷங்களுக்குப் பிறகு கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தை எடுத்துப் புரட்டினேன்.

இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லாத பகுதி. கம்பன் அதைத் தானாகக் கொண்டு வந்து, இராவணனுக்கு வீடணன் சொல்லும் புத்திமதியாக வைத்திருக்கிறான். தம்பி அண்ணனுக்குச் சொல்லும் கதை. வளர்ந்தவன் வளர்ந்தவனுக்குச் சொல்லும் கதை. குழந்தைகளைத் தூங்க வைக்கிற கதையாக அது அங்கே வரவில்லை. ஆனாலும் அதன் நடுவில் ஒரு குழந்தை நிற்கிறான்.

பிள்ளைக்குப் பாடம் தொடங்கும்போது ஆசிரியர் இரணியனின் பெயரைச் சொல்லச் சொல்கிறார். பிள்ளை நாராயணன் பெயரைச் சொல்லுகிறான். அதிலிருந்து ஆரம்பிக்கிறது வினை. நெருப்பு, பாம்பு, யானை, விஷம், கல்லோடு கட்டிக் கடலில் போடுவது என்று வரிசையாக நடக்கின்றன. பிறகு தகப்பனும் மகனும் நேருக்கு நேர் நிற்கும் கட்டம். அவன் எங்கே இருக்கிறான் என்கிறான் தகப்பன். ஒரு சாண் அளவிலும் இருக்கிறான், அணுவை நூறாகப் பிளந்த துணுக்கிலும் இருக்கிறான், இந்தத் தூணிலும் இருக்கிறான், நீ பேசுகிற பேச்சிலும் இருக்கிறான் என்கிறான் மகன். இதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதது, அல்லது தெரிந்தும் குழந்தைகளுக்குச் சொல்லாதது, அதற்குப் பின்னால் வருகிறது.

இரணியனைக் கிழித்துப் போட்டு, சீற்றம் தணிந்த பின், நரசிங்க மூர்த்தி குழந்தையைப் பார்த்துப் பேசுகிறார். அந்தப் பேச்சின் சாரம் இது: உன் தகப்பனை உன் கண் முன்னாலேயே கொன்றேன், அப்படியும் உன் மனம் தளரவில்லை, என்மேல் வைத்த அன்பு குறையவில்லை, இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நாம் கைதட்டிய காட்சிக்குக் கம்பன் கைதட்டவில்லை. செத்தவன் அந்தக் குழந்தையின் அப்பா என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. கடவுளுக்கும் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாதவர்கள் கதை சொல்லும் நாம்தான். 'கெட்டவன் செத்தான், நல்லவன் பிழைத்தான்' என்று முடித்துக் குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுகிறோம். கம்பனின் பிரகலாதன் அன்று தகப்பனை இழந்த பிள்ளை. தனக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் காப்பாற்றப்பட்டவன்தான். ஆனால் ஆபத்து நீங்கிய அதே கணத்தில் அநாதையானான். கடவுளே குனிந்து, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று கேட்கும்படியான நஷ்டம் அது.

குழந்தை என்ன கேட்கிறான்? இதுவரை நான் பெற்றதே எல்லையில்லாதது என்கிறான். இன்னும் பெறுவதற்கு ஒன்று உண்டென்றால், எலும்புகூட இல்லாத இழிந்த புழுவாகப் பிறந்தாலும் உன்மேல் அன்பு மாறாதிருக்க வேண்டும் என்கிறான். ஆயுள் கேட்கவில்லை, அரசு கேட்கவில்லை, இனிமேல் எனக்குக் கஷ்டமே வரக்கூடாது என்றும் கேட்கவில்லை. இன்னும் கீழான பிறவி வாய்த்தாலும் வாய்க்கலாம் என்பதை ஒப்புக்கொண்டே கேட்கிறான்.

பாகவதம் இதையே இன்னும் பச்சையாகச் சொல்லுகிறது. ஏழாவது ஸ்கந்தத்தில் நரசிம்மர் வரம் கேள் என்கிறார். அந்தச் சிறுவன் கோபித்துக்கொள்ளாத குறையாகப் பதில் சொல்லுகிறான். எஜமானனிடம் பலனை எதிர்பார்த்து ஊழியம் செய்கிறவன் ஊழியனே அல்ல, அவன் வியாபாரி என்கிறான். அப்படியும் வரம் கொடுத்தே தீருவதானால், எதையும் கேட்கத் தோன்றாத மனத்தைக் கொடு என்கிறான். பிறகு தன் தகப்பனுடைய பாவம் தீர வேண்டும் என்று கேட்கிறான். முனிவர்கள் தங்கள் முக்திக்காகக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த எளிய ஜனங்களை விட்டுவிட்டு நான் மட்டும் தனியாகக் கரையேற விரும்பவில்லை என்றும் அவன் துதியில் ஓர் இடம் வருகிறது.

அதே துதியில் இன்னொரு இடம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. உன் கருணை இல்லாத இடத்தில் குழந்தைக்குப் பெற்றோர் புகலிடம் ஆகமாட்டார்கள், நோயாளிக்கு மருந்து புகலிடம் ஆகாது, கடலில் மூழ்குகிறவனுக்குப் படகும் புகலிடம் ஆகாது என்கிறான் பிரகலாதன். சொல்லுகிறவன் யார் என்று பாருங்கள். பெற்ற தகப்பனாலேயே கடலில் போடப்பட்டவன். மருந்துச் சீட்டோடு கடைக்கும் வீட்டுக்கும் நடந்த ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்த வரியைப் படிக்கிறவனுக்கு அது வெறும் ஸ்தோத்திரமாகத் தோன்றாது. மருந்து சில சமயம் கைவிடும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டுக் குழந்தைக்கு அதைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

விஷ்ணு புராணத்தில் கதை வேறு மாதிரி போகிறது. அங்கே தூண் பிளக்கும் காட்சி விரிவாக வருவதே இல்லை. கடலிலிருந்து மீண்டு வரும் மகனைக் கண்டதும் இரணியன் அவனை அணைத்து, உச்சி மோந்து, கண்ணில் நீர் வழிய, 'பிழைத்திருக்கிறாயா குழந்தாய்!' என்கிற பாவனையில் உருகி நிற்கிறான். செய்த கொடுமைக்காக வருந்தி, மகனை அன்போடு நடத்துகிறான். நரசிம்ம வதம் பின்னால் ஒரு வாக்கியத்தில் வந்து போகிறது. இந்த இரணியனை எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறோமா? நான் பார்த்ததில்லை. அவன் வந்தால் கைதட்டுவதற்கு இடம் இருக்காது, அழுவதற்குத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். அவர்கள் குரல் எனக்கு இப்போதே கேட்கிறது. "இந்த வியாக்கியானமெல்லாம் கிடக்கட்டும் ஐயா! யானை மிதிக்கவில்லை, பாம்பு கடிக்கவில்லை, நெருப்பு சுடவில்லை. கடைசி வரையில் பிள்ளை பிழைத்துத்தானே வருகிறான்? அதைக் கேட்கிற குழந்தை, கூப்பிட்டால் காப்பாற்றுவார் என்றுதானே நினைக்கும்? தப்பு உம்மிடம் இல்லை, கதையிலேயே இருக்கிறது. இந்தக் கதைகளைச் சொல்லாமலே இருந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது!"

இது புதிய ஆட்சேபம் அல்ல. பாரதிதாசன் எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934-ல் மேடை ஏறியது. அந்த நாடகம் கதையைத் தலைகீழாகத் திருப்பி இரணியனை நாயகனாக்கியது. அதன் முடிவுகளை ஏற்கிறோமோ இல்லையோ, ஒரு நன்மை செய்தது: இரணியனும் ஒரு மனிதன், அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று யோசிக்க வைத்தது. அந்த அளவுக்கு அது கம்பனுக்குத் தூரத்து உறவு என்றுகூடச் சொல்லலாம். கம்பனுடைய இரணியனும் சாமானியன் அல்ல. தூண் பிளந்து சிங்கம் வெளியே வந்த பிறகும், இப்போதாவது வணங்கு என்று மகன் கெஞ்சும்போதும், வணங்கமாட்டேன் என்று வாளைப் பிடித்து நிற்கிறவன் அவன்.

ஆனால் கதையே வேண்டாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குழந்தைக்குப் பயம் வராத வீடு உலகத்தில் இல்லை. நாம் கதை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதற்கு ராத்திரியில் பயம் வரும்; பாட்டி சாவாள்; அப்பாவுக்கு வேலை போகும்; பள்ளிக்கூடத்தில் ஒருவன் அடிப்பான். அந்தப் பயத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். இத்தனை தலைமுறையாக அந்தக் கையை இந்தக் கதைகள் கொடுத்து வந்திருக்கின்றன. கதையைப் பிடுங்கிக்கொண்டால் பயம் போய்விடாது; கை மட்டும் போய்விடும்.

ஆட்சேபத்தில் பாதி உண்மை என்பதையும் மறைக்கக்கூடாது. பிரகலாதன் பிழைப்பது மெய்தான். குழந்தை அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முடிவைச் சொல்லாமல் விடுவது பெரிய குற்றமாகிறது. அற்புதங்களை மட்டும் சொல்லி நிறுத்தினால், கதை கடவுளை ஏவலாளாகக் காட்டுகிறது. முடிவையும் சேர்த்துச் சொன்னால், அற்புதங்களையெல்லாம் கண்ட அந்தப் பிள்ளையே அற்புதம் வேண்டாம், அன்பு போதும் என்கிறான். கதை தன் மருந்தைத் தன் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறது. நாம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கதை நோய் உண்டாக்குகிறது என்று புகார் சொல்லுகிறோம்.

துருவன் கதைக்கு நாம் இழைத்த அநியாயம் இதைவிடப் பெரிது.

அப்பாவின் மடியில் ஏறப் போன ஐந்து வயதுக் குழந்தையைச் சிற்றன்னை சுருசி தள்ளிவிட்டாள், குழந்தை காட்டுக்குப் போய்த் தவம் செய்தான், நாராயணன் வந்தார், துருவ நட்சத்திரம் ஆனான். இவ்வளவுதானே நாம் சொல்லுவது? கதை இப்படியே நின்றால் இதன் பெயர் பிடிவாதம். அழுது அடம் பிடித்தால் அப்பா மடிக்குப் பதில் ஆகாயமே கிடைக்கும் என்பதுதான் இதன் படிப்பினை.

பாகவதத்தின் நாலாவது ஸ்கந்தத்தைப் பாருங்கள். முதலில் தாய் சுநீதி. அவள், 'உன் சிற்றன்னை நாசமாய்ப் போவாள்' என்று சொல்லவில்லை. பிறருக்குத் தீங்கு நினைக்காதே என்கிறாள். அவள் சொன்னதில் உண்மையும் இருக்கிறது என்கிறாள். தன்னால் இந்தத் துக்கத்தைத் தீர்க்க முடியாது என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, தீர்க்கக்கூடியவன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் போ என்கிறாள். குழந்தைக்கு நம்பிக்கை கற்றுக்கொடுப்பது எப்படி என்று யாராவது பாடம் எழுதுவதானால், அந்தத் தாயிடமிருந்துதான் தொடங்க வேண்டும். என்னால் முடியாது என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் நேர்மை அவளிடம் இருந்தது.

வழியில் நாரதர் வந்து, விளையாட வேண்டிய வயசு, வீட்டுக்குத் திரும்பு என்று தடுத்துப் பார்க்கிறார். பிள்ளை கேட்கவில்லை. மதுவனத்தில் ஆறு மாதத் தவம். பகவான் வருகிறார், வரம் கிடைக்கிறது. நம் கதை இங்கே முடிகிறது. பாகவதத்தின் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

வரம் பெற்று ஊருக்குத் திரும்புகிற துருவனுக்குச் சந்தோஷம் இல்லை. சக்கரவர்த்தியின் முன்னால் போய் நின்ற ஏழை ஒருவன் நொய்யரிசி கேட்டு வாங்கி வந்ததைப் போல ஆகிவிட்டதே என்று மனம் கசந்து வருகிறான். கிடைத்தது ஆகாயத்திலேயே உயர்ந்த இடம். அவன் கண்ணுக்கு அது நொய்யரிசியாகத் தெரிகிறது. கோபத்தில் கேட்டதனால் குறைவாகக் கேட்டுவிட்டோம் என்று வெட்கப்படுகிறான்.

இன்னும் இருக்கிறது. வருஷங்கள் கழித்து, சுருசியின் மகன் உத்தமன் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு யக்ஷனால் கொல்லப்படுகிறான். கடவுளை நேரில் கண்ட துருவன் என்ன செய்கிறான்? ஆத்திரம் கண்ணை மறைக்க யக்ஷர்கள்மேல் படையெடுத்துப் போய், குற்றம் செய்தவன் செய்யாதவன் என்று பாராமல் கொன்று குவிக்கிறான். பாட்டனாரான மனு வந்து, ஒருவன் செய்த குற்றத்துக்கு இத்தனை பேரைக் கொல்லுவதா என்று கடிந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. துருவன் அடங்கிய பிறகு குபேரன் மனம் குளிர்ந்து வரம் கேள் என்கிறான். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக வரம்! இப்போது துருவன் கேட்பது இறைவனை மறவாத நினைவு ஒன்றைத்தான்.

முதல் வரத்துக்கும் இரண்டாவது வரத்துக்கும் நடுவில் ஒரு மனிதன் வளர்ந்திருக்கிறான். கஷ்டத்தில் கடவுள் வழி காட்டுகிறார் என்றால் எனக்குப் புரிகிற அர்த்தம் இதுதான். தம்பி சாகாமல் துருவனுக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பவில்லை. தம்பி செத்த துக்கத்தில் அவன் மிருகமாகப் போகவிருந்தபோது, தாத்தா ரூபத்தில் ஒரு குரல் வந்து தோளைப் பிடித்து நிறுத்தியது. ஒரு நாவலாசிரியனாகச் சொல்லுகிறேன்: இவ்வளவு நல்ல இரண்டாம் பாகம் கையில் இருக்க, முதல் பாகத்தோடு புத்தகத்தை முடித்துவிடுகிற பதிப்பாளரை நான் மன்னிக்கமாட்டேன்.

இது வைணவக் கதைகளுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வெளியூர் போக, பூசை செய்யப் போன சிறுவன் பொல்லாப் பிள்ளையாருக்கு நிவேதனத்தை வைத்துவிட்டு, சாப்பிடு என்று காத்திருக்கிறான். பிள்ளையார் சாப்பிடவில்லை. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துத் தலையைக் கல்லில் மோதிக்கொள்ளப் போகிறான். பிள்ளையார் தடுத்து, உண்டு அருளுகிறார். நாம் அத்தோடு நிறுத்துவோம். பிரசாதத்தைப் பிள்ளையார் தின்ற கதை என்று பெயர் வைப்போம். ஆனால் அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, மூவர் தேவாரத்தைத் தேடித் தில்லைக்குச் சோழ மன்னனோடு போனவர் என்று திருமுறைகண்ட புராணம் சொல்லுகிறது. அறையைத் திறந்தால் ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருக்கிறது. குழந்தையாக இருந்தபோது கேட்டதும் உண்டருளிய பிள்ளையார், கறையான் தின்றதைத் திருப்பித் தரவில்லை. போனது போனதுதான். இந்தக் காலத்துக்கு வேண்டியது மிஞ்சியிருக்கிறது என்று ஒரு வாக்கு மட்டும் கிடைக்கிறது. மிஞ்சியதை எடுத்துத் துடைத்து வகுத்து வைக்கிறார் நம்பி. நமக்கு இன்று தேவாரம் இருக்கிறது என்றால் அந்த நம்பிக்கையினால்தான். சோறு உண்ட அற்புதத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலும் இதே கதைதான் என்று சிரித்தார். பழைய ஏற்பாட்டில் தானியேலின் புத்தகத்தில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூவரை நேபுகாத்நேச்சார் ராஜா எரிகிற சூளையில் போடுகிறான். வெந்து போகாமல் அவர்கள் வெளியே வந்ததைக் குழந்தைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவார்களாம். ஆனால் சூளையில் விழுவதற்கு முன்னால் அவர்கள் ராஜாவிடம் சொன்ன பதிலில் ஒரு பகுதியை அவ்வளவாக வற்புறுத்துவதில்லையாம். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர்; அப்படித் தப்புவிக்காமல் போனாலும், உன் சிலையை வணங்கமாட்டோம் என்பதுதான் அவர்கள் பதில். அந்த 'போனாலும்' என்ற சொல்லில் கதை முழுவதும் இருக்கிறது. நாம் எல்லோருமாகச் சேர்ந்து எல்லா மதங்களிலும் அந்த ஒரு சொல்லைத்தான் தின்றுவிட்டோம். கறையானுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இப்படியெல்லாம் சொல்வதனால், குழந்தை சாமியிடம் எதையும் கேட்கக்கூடாது, பிரகலாதன் மாதிரி ஆசையற்று இருக்க வேண்டும் என்று நான் சொல்லுவதாக எண்ணிவிட வேண்டாம். அது இன்னொரு கொடுமை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், என்ன கொண்டு வந்தாய் என்று கேட்கிற மகளிடம் என்னையே கொண்டு வந்திருக்கிறேன் என்கிறார் தகப்பனார். அந்தக் குழந்தைக்கு அது போதவில்லை; பொரிகடலையாவது வேண்டும் என்கிறது. குழந்தை கேட்டது நியாயம். குழந்தை பொரிகடலை கேட்கத்தான் வேண்டும். பாட்டி பிழைக்க வேண்டும் என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று சாமியின் சார்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற உரிமைதான் நமக்கு இல்லை. நான் அந்தக் கள்ளக் கையெழுத்தைப் போட்டேன். செல்லாத பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை, எழுத்தில் தன் பிழை என்ன என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி அவளாகவே, "பிரகலாதன் கதை சொல்லுங்க பெரியப்பா" என்று வந்தாள். அவள் விட்டுவிடவில்லை என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. முழுக்கச் சொன்னேன். தூண் பிளந்த பிறகும் சொன்னேன். உன் அப்பாவைக் கொன்றுவிட்டேனே, உனக்கு என்ன செய்வேன் என்று சாமி கேட்டதைச் சொன்னேன். பிரகலாதன் கேட்ட வரத்தைச் சொன்னேன். சேர்க்கிற வழக்கமான வாக்கியத்தைச் சேர்க்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் படுத்திருந்தாள்.

"அப்போ அப்பாயியைச் சாமி ஏன் காப்பாத்தலை?"

"எனக்குத் தெரியலைம்மா."

இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்ததென்று எழுதிக் காட்ட முடியாது. ஆனால் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன். பெரியப்பாவுக்கே தெரியவில்லை என்றால், அது அவள் கூப்பிட்ட குரலில் வந்த கோளாறு அல்ல அல்லவா?

"நான் கூப்பிட்டது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும். அப்பாயிக்கும் கேட்டுது. நீ சாமி கும்பிடறதைப் பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தாங்க."

இது நான் கற்பனையாகச் சேர்த்தது அல்ல. கடைசி நாட்களில் அம்மாவின் கண் பூஜை அலமாரிப் பக்கமே இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவள் புரண்டு படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன்.

"பெரியப்பா, அவங்கப்பா செத்ததுக்கு அப்புறம் பிரகலாதன் என்ன பண்ணினான்?"

நல்ல வேளையாக, இதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தகப்பனுக்குச் செய்ய வேண்டிய கருமங்களைச் செய் என்று நரசிம்மரே அவனிடம் சொல்லுகிறார். பிரகலாதனும் அப்படியே செய்கிறான். பாகவதத்தில் இருக்கிறது.

"அவங்கப்பாவுக்குக் காரியம் பண்ணினான்."

"நம்ம வீட்டிலே அப்பாயிக்குப் பண்ணினமே, அந்த மாதிரியா?"

"ஆமாம்மா, அந்த மாதிரிதான்" என்றேன்.